கலர் மிஷின் கண் திறந்தது

அத்தியாயம் 17

கலர் மிஷினுக்குப் பூ வைக்கும்படி எல்லம்மாளிடம் யாரும் சொல்லவில்லை. அந்த மிஷின் வருவதையே அவள் விரும்பவில்லை. ஆனாலும் விஜயகுமாரி காலையில் மில்லுக்குள் நுழைந்தபோது, ஆளுயரத்துக்கு மேல் நின்ற அந்த வெள்ளைப் பெட்டியின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தன. ஒரு முழம் கதம்பம் தொங்கியது.

வைத்த மாமியார், மருமகள் வருவதைப் பார்க்காதவள் போல, அரிசி பொறுக்கும் கொட்டகைப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.

செய்யூரிலிருந்து சூணாம்பேடு போகிற சாலையில் சடையப்பனின் ரைஸ் மில்லைத் தெரியாதவர்கள் கிடையாது. அங்கே அவித்துக் காயவைத்து அரைத்த புழுங்கல் அரிசி புதுப்பட்டினம் கடைத்தெருவுக்குப் போகும். கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் குடும்பங்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். எல்லாம் இரண்டு வருடத்துக்கு முன்பு வரைக்கும்தான். வேறு மில்களிலிருந்து கறுப்பு மணியே இல்லாத, முத்துப் போன்ற அரிசி மூட்டைகள் வந்து இறங்க ஆரம்பித்ததும் கடைக்காரர்களின் பேச்சு மாறியது. போன மாதம் புதுப்பட்டினம் மளிகைக் கடை கண்ணாயிரம் ஒரு லோடை இறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்றைக்குத்தான் விஜயகுமாரி பிடிவாதம் பிடித்தாள். அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் மிஷின் வாங்காவிட்டால் மில்லை மூடிவிட வேண்டியதுதான் என்று மாமனார் முகத்துக்கு நேராகச் சொன்னாள். சடையப்பன் முடியாது என்றார். கொட்டகையில் முறம் வைத்துக் கறுப்பு பொறுக்கும் பெண்கள் என்ன ஆவார்கள் என்று எல்லம்மாள் கேட்டாள். யாரையும் அனுப்பப் போவதில்லை என்று விஜயகுமாரி சொன்னாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது. கணவன் கலையரசன் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடைசியில் மனைவி பக்கம் நின்றான். சடையப்பன் வேண்டாவெறுப்பாகக் கையெழுத்துப் போட, மில்லையே வங்கியில் ஈடு காட்டி மிஷின் வந்தது.

அதிலிருந்து சடையப்பன் மருமகளோடு நேராகப் பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட சுவரைப் பார்த்துத்தான் கேட்பார்.

இன்றைக்கு மிஷின் ஓடப் போகிறது. ஓட்டிக் காட்ட ஜெபகுமார் என்கிற இளம் இன்ஜினீயர் வந்திருந்தான். பார்க்க வரும்படி விஜயகுமாரியே போன் போட்டுக் கண்ணாயிரத்தையும் அழைத்திருந்தாள். அரிசி சரியாக வந்தால் அவர் மறுபடி வாங்குவார். அவர் வாங்கினால் மற்ற கடைக்காரர்களும் வருவார்கள். வராவிட்டால் என்ன என்பதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

கண்ணாயிரம் வேனிலிருந்து இறங்கி, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். சடையப்பனைப் பார்த்து, "இன்னா அண்ணாத்த, மிஷினு உங்கள விட ஒசரமா கீது," என்றார். சடையப்பன் சிரிக்கவில்லை. தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஜெபகுமார் பொத்தானை அழுத்தினான். கம்பிரஸர் உறுமிக் காற்றை ஏற்றியது. பெட்டிக்குள் வெளிச்சம் பற்றிக்கொண்டது. மேலேயிருந்து அரிசி சரிவான தகடுகளில் வழுக்கிக்கொண்டு வந்தது. கீழே இரண்டு வாய்கள். ஒன்றில் நல்ல அரிசி விழ வேண்டும், இன்னொன்றில் கழிவு.

இரண்டு வாயிலும் அரிசி கொட்டியது.

கழிவு விழும் சாக்கு மளமளவென்று நிரம்பியது. விஜயகுமாரி ஓடிப்போய் ஒரு கை அள்ளினாள். எல்லாம் நல்ல அரிசி. நடுநடுவே கறுப்பு இருந்ததுதான், ஆனால் ஒரு கறுப்புக்கு ஒரு பிடி நல்ல அரிசியையும் சேர்த்து மிஷின் தள்ளியிருந்தது. பாதி அரிசி கழிவில் போகிற மில் எத்தனை நாள் நிற்கும்?

கண்ணாயிரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடையில் ஆள் இல்லை, கிளம்புகிறேன் என்று கலையரசனிடம் மெதுவாகச் சொன்னது அவள் காதில் விழுந்தது. சடையப்பன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

ஜெபகுமார் மட்டும் பதறவில்லை. கழிவு அரிசியை உள்ளங்கையில் பரப்பி வெளிச்சத்தில் பார்த்தான். மிஷின் பச்சரிசிக்கு ஏற்றபடி அமைந்து வந்திருக்கிறது, இங்கே ஓடுவது புழுங்கல் அரிசி, அதன் இளமஞ்சளையே கெட்டுப்போனது என்று நினைத்துத் தள்ளுகிறது என்று அவளுக்குப் புரியும்படி சொன்னான். தான்தான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும் என்றும் சொன்னான்.

"சரி பண்ண முடியுமா சார்?" என்று கேட்டாள்.

"முடியும் மேடம். எதை நல்லதுன்னு எடுத்துக்கணும்னு அதுக்குச் சொல்லிக் குடுக்கணும். ஒரு டீ குடிச்சிட்டு வரச் சொல்லுங்க எல்லாரையும்."

விஜயகுமாரி வேனை நோக்கி ஓடினாள். கண்ணாயிரம் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார். கதவில் கை வைத்தபடி, ஒரே ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள், அதற்குள் சரியாகாவிட்டால் இனி உங்கள் கடைப் படியை மிதிக்கமாட்டேன் என்றாள். அவள் கதவை விடாததைப் பார்த்தோ என்னவோ, கண்ணாயிரம் இறங்கினார்.

ஜெபகுமார் மிஷினின் வயிற்றைத் திறந்து விளக்குகளின் அளவை மாற்றினான். கண்ணாடியைத் துடைத்தான். ஒரு படி நல்ல அரிசியை ஓட்டிப் பார்த்தான், திருகினான், மறுபடி ஓட்டினான். பிறகு அவளைக் கூப்பிட்டு, தகடு முடியும் இடத்தில் இருந்த சின்னக் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னான்.

விஜயகுமாரி குனிந்து பார்த்தாள்.

அரிசி விழுந்துகொண்டிருந்தது. மழை நாளில் கூரையோரத்தில் தண்ணீர் இறங்குவது போல, அறுபடாத ஒரே சரமாக. அதன் இரண்டு பக்கமும் கேமரா. ஒரு அரிசி அந்த வெளிச்சத்தைத் தாண்டுவதற்குக் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. அந்த நேரத்துக்குள் மிஷின் அதைப் பார்த்துவிடுகிறது. கறுப்பு என்றால், ஊசித் துளை மாதிரி ஒரு ஓட்டையிலிருந்து காற்று வந்து அந்த ஒற்றை அரிசியை மட்டும் சுண்டிவிடுகிறது. பக்கத்து அரிசி அசைவதில்லை. சரம் கலைவதில்லை. சோளம் பொரிவது போலப் படபடவென்று சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சத்தமும் ஒரு அரிசி.

அதைத்தான் வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள். காகிதத்தில் படம் பார்த்திருந்தாள். வங்கி மேனேஜருக்கு எல்லாம் விளக்கிச் சொல்லியும் இருந்தாள். ஆனால் இப்படி இருக்கும் என்று அவள் நினைக்கவேயில்லை. விழுகிற அத்தனை அரிசியையும், ஒன்றைக்கூட விடாமல், ஒருவர் நின்று முகம் பார்த்து அனுப்புகிற மாதிரி இருந்தது.

நல்ல அரிசி விழும் வாயில் கலையரசன் கையை நீட்டினான். உள்ளங்கையில் குவிந்ததைப் பார்த்தான். "விஜயா, இங்க வந்து பாரேன்," என்றான்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்த சடையப்பன் அந்தப் படபட சத்தத்தைக் கேட்டு வாசலுக்கு வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு யாரிடமும் ஒன்றும் கேட்காமல் கொட்டகைக்குப் போய், பெண்கள் முந்தின நாள் பொறுக்கிப் போட்டிருந்த கறுப்பை ஒரு முறம் நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். சுத்தமான அரிசி மூட்டை ஒன்றை அவிழ்த்து அதில் கொட்டித் தன் கையாலேயே கலந்தார். மேலே ஏற்றச் சொல்லிச் சைகை காட்டினார்.

படபடவென்று மிஷின் பொரிந்து தள்ளியது.

சடையப்பன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைத் தரையில் விரித்து, வெளியே வந்த அரிசியை அதில் பரப்பி, சம்மணம் போட்டு உட்கார்ந்து தேடினார். விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். கண்ணாயிரமும் பக்கத்தில் குந்திக்கொண்டார். ரொம்ப நேரம் கழித்துச் சடையப்பன் ஒரு அரிசியை எடுத்தார். லேசாகப் பழுப்பு ஏறிய முனை. அதை ஜெபகுமாரிடம் நீட்டினார். அதுவும் வேண்டாமென்றால் இன்னும் இறுக்கலாம், எவ்வளவு என்பது உங்கள் இஷ்டம் என்றான் அவன்.

"வேணாம், வேணாம்," என்றார் சடையப்பன். "அந்த ஒண்ணு இருந்துட்டுப் போவட்டும். இல்லாங்காட்டி அரிசின்னே எவனும் நம்பமாட்டான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த மில்லில் அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டு கறுப்பு அள்ளப் போனார். மூன்று தடவை கலந்து கொட்டினார். மூன்று தடவையும் மிஷின் அவர் கொடுத்ததை அவரிடமே திருப்பிக் கொடுத்தது.

விஜயகுமாரி நிமிர்ந்தபோதுதான் வாசலைக் கவனித்தாள். கொட்டகைப் பெண்கள் எல்லோரும் அங்கே நின்றிருந்தார்கள். அவர்களுக்கு மூத்தவளான முனியம்மா முன்னால் நின்றாள். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் விரல்களைப் பார்த்தாள். தாங்கள் நாளெல்லாம் உட்கார்ந்து பொறுக்கியதை அது மூச்சு விடும் நேரத்தில் துப்பிவிட்டதென்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

முனியம்மா மிஷினிலிருந்து கண்ணை எடுத்து விஜயகுமாரியைப் பார்த்தாள்.

"நல்லாத்தாம்மா கீது," என்றாள். "அப்ப நாங்க இன்னா செய்றது?"

பதில் சொல்ல விஜயகுமாரி வாயெடுத்தாள். அதே நேரம் கண்ணாயிரம் கூப்பிட்டார். வாரத்துக்கு எத்தனை மூட்டை தர முடியும், கல்பாக்கம் குடியிருப்புக்காரர்கள் பெரிய மூட்டையை வாங்குவதில்லை, சின்னச் சின்னப் பையாகக் கட்டித் தர முடியுமா என்று வரிசையாகக் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பியபோது வாசல் காலியாக இருந்தது.

வியாபாரம் பேசி முடித்துவிட்டுத்தான் கண்ணாயிரம் வேனில் ஏறினார். இந்த மிஷின் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு அரிசி பார்க்கும் என்று சடையப்பன் ஜெபகுமாரிடம் கேட்டது அதன் பிறகுதான். அவன் சொன்னான். தங்கள் மில் ஒரு வாரம் முழுக்க அரைக்கிற அரிசியை இது ஒரு காலை வேளையில் முடித்துவிடும் என்று கலையரசன் மனக்கணக்குப் போட்டுச் சொன்னான்.

சடையப்பன் நிறுத்தி வைத்திருந்த மிஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மீதி நாளெல்லாம் இது பட்டினியாக நிற்குமா என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

இரண்டு வருடமாக அவர் நெல் விளைவிக்கும் சம்சாரிகளின் வீட்டுப் பக்கம் போனதில்லை. அரிசி விற்காததால் நெல் வேண்டாம் என்று சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. பரம்பரையாக இந்த மில்லுக்கே நெல் போட்டவர்களிடம் அப்படிச் சொன்ன பிறகு அவர்கள் முகத்தில் விழிக்க அவருக்குக் கூச்சம். கல்யாணம், காரியம் என்றால்கூட மகனைத்தான் அனுப்புவார். இப்போது சொர்ணவாரி அறுவடை முடிந்து ஊரெல்லாம் நெல் குவிந்து கிடந்தது.

சாப்பிடக் கூப்பிட்டதற்கு அவர் வரவில்லை. மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது. விஜயகுமாரி வாசலுக்கு வருவதற்குள் அவர் சாலையில் ஏறிவிட்டிருந்தார். மடியில் எதையோ முடிந்திருந்தார். மிஷினில் வந்த அரிசியாகத்தான் இருக்க வேண்டும்.

சோறு போடும்போது எல்லம்மாள் மருமகளிடம் பேசினாள். கோபமாக இல்லை, களைத்துப் போய்ப் பேசினாள். "முனிம்மா சோத்துத் தூக்குகூட எடுக்காம பூட்டா. எல்லாரும் பூட்டாளுங்க. நான் கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல."

"நான் போய்ப் பேசறேன் அத்தே."

"இன்னா பேசுவ? அத மொதல்ல ரோசன பண்ணு."

விஜயகுமாரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். காலையிலிருந்து மனதுக்குள் அந்த அரிசிச் சரம் விழுந்துகொண்டே இருந்தது. அதன் அழகு குறையவில்லை. ஆனால் இப்போது வேண்டாததைச் சுண்டிவிடும் அந்த ஊசித் துளைக் காற்றும் கூடவே தெரிந்தது.

மாலையில் கடல் பக்கம் மேகம் கறுத்துத் திரண்டது. தூரத்தில் மின்னியது. கலையரசன் களத்தில் காய்ந்த நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் மூடிக்கொண்டிருந்தான். அப்போது சாலை வளைவில் ஒரு டிராக்டர் திரும்பி மில்லுக்குள் நுழைந்தது. டிரெய்லர் நிறைய நெல் மூட்டை.

"உங்க நைனா அனுப்சாரு," என்றான் ஓட்டி வந்தவன். சித்தாமூரிலிருந்து வருகிறானாம். பெரியவர் ஒவ்வொரு வீட்டுத் தலைவாசலிலும் நின்று, மடியிலிருந்த அரிசியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாராம். இது என் மில்லில் இன்றைக்கு வந்த அரிசி என்று சொன்னாராம். இரண்டு வருஷமாக ஆளையே காணோமே என்று அவர்கள் சண்டை போட்டுவிட்டு நெல்லை ஏற்றிவிட்டார்களாம்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு டிராக்டர் வந்தது. அதன் பின்னால் ஒன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. கடைசியாக ஒரு மினி லாரி. மில் வாசலிலிருந்து சாலை வரைக்கும் வண்டிகள் நின்றன. இந்த மில்லின் நல்ல காலத்திலும் இப்படி ஒரு வரிசையைப் பார்த்ததில்லை என்று எல்லம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

கலையரசன் வானத்தைப் பார்த்தான். "களம் ரெண்டு லோடு தாங்கும் விஜயா. மழை வந்தா எல்லாம் மொளச்சிரும். பாதிய திருப்பி அனுப்பிடலாமா?"

"மாமா வாக்கு குடுத்து வாங்கி அனுப்சிகீறாரு. அனுப்பக்கூடாது. எல்லாத்தையும் உள்ள வுடுங்க," என்றாள்.

"மூட எவ்ளோ ஆளு வேணும் தெரியுமா?"

தெரியும். அவள் செருப்பைக்கூடப் போடாமல் முனியம்மாவின் தெருவை நோக்கி நடந்தாள். ஆனால் வாசலைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை. வண்டிச் சத்தம் கேட்டு முனியம்மா எதிர்த் தெருமுனை வரை வந்து நின்றிருந்தாள். மற்றவர்கள் அவளுக்குப் பின்னால், வீட்டு வாசல்களில்.

"காலைல ஒண்ணு கேட்டேன்," என்றாள் முனியம்மா. "அதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல."

முதல் தூறல் விழுந்தது.

"இனிமே பொறுக்குற வேல இல்லக்கா," என்றாள் விஜயகுமாரி. "அத மிஷினு எடுத்துகிச்சி. ஆனா சின்னப் பையில கட்டித்தான் புதுப்பட்டினத்துக்கு அனுப்பணும். எட போட, தைக்க, ஏத்த ஆளு வேணும். இவ்ளோ நெல்லு வந்தா களத்துக்கும் ஆளு வேணும். ஒருத்தரக்கூட நிறுத்தமாட்டேன். கூலி கொறையாது."

"இது உங்க மாமனார் சொல்றதா, நீ சொல்றதா?"

"நான் சொல்றேன். அவரு இன்னும் வூட்டுக்கே வரல."

முனியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். அவருக்குத் தெரியாமல் சொல்கிறாய், நாளைக்கு அவர் இல்லையென்றால் என்ன செய்வாய் என்று அந்தப் பார்வை கேட்டது. பிறகு தெருப் பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுத்தாள். பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

அடுத்த கொஞ்ச நேரம் யார் என்ன செய்தார்கள் என்று விஜயகுமாரிக்குத் தெளிவாக நினைவில்லை. தார்ப்பாய் காற்றில் உப்பியது. ஓரங்களில் கல் தூக்கி வைத்தார்கள். எல்லம்மாளும் முனியம்மாவும் ஒரே பாயின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி அதட்டினார்கள். மில்லுக்குள், வராந்தாவில், பொறுக்கும் கொட்டகையில், ஆபீஸ் அறையில்கூட மூட்டைகள் ஏறின. மழை இறங்கிப் பிடித்துக்கொண்டபோது களத்தில் ஒரு மணி நெல்கூட வெளியே தெரியவில்லை. நனைந்த தார்ப்பாய்கள் யானைக் கூட்டம் படுத்திருப்பது போலப் பளபளத்தன.

இடுப்பில் செருகியிருந்த செல்போன் ஒலித்தது. தெரியாத நம்பர். எடுத்தாள். மழைச் சத்தத்துக்கு நடுவே மாமனாரின் குரல் கேட்டது. யாருடைய போனிலிருந்தோ கத்திக் கத்திப் பேசினார்.

"யம்மாடி விஜயா. வண்டி வந்திச்சா?"

அவர் தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டு அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "வந்திச்சி மாமா. நனையல. எல்லாம் மூடிட்டோம். முனிம்மாக்கா ஆளுங்கதான் மூடினாங்க. மாமா, உங்கள கேக்காம அவங்களுக்கு நான் ஒண்ணு சொல்லிட்டேன்..."

அது அவருக்குக் கேட்கவில்லை. "எத்தினி வண்டி வந்திச்சி?" என்று கத்தினார்.

"ஆறு மாமா."

"ஆறுதானா? இன்னும் நாலு வரணுமே."

லைன் அறுந்துவிட்டது. விஜயகுமாரி போனைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். இனி ஒரு மூட்டை வைக்கவும் இடமில்லை. கலையரசன் மழைக்குள் நின்றபடி என்ன என்று கையால் கேட்டான். அவள் அவனுக்குப் பதில் சொல்வதற்குள், சாலை வளைவில் மழையைக் கிழித்துக்கொண்டு ஒரு ஜோடி விளக்கு வெளிச்சம் மில் பக்கம் திரும்பியது.